நூறு வரியில் ஒரு கணினி

காலை ஒன்பது மணிக்கு டெல்லியின் மயூர் விஹார் ஃபேஸ் ஒன் மெட்ரோ நிலையத்தில் கூட்டம் இரண்டாகப் பிரியும். புளூ லைனில் நொய்டா பக்கம் ஏறுகிறவர்கள் பலர் கழுத்தில் மென்பொருள் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கும். பிங்க் லைனில் தெற்கே போகிறவர்கள் சிலர் கையில் ஸ்கேன் ரிப்போர்ட் அடங்கிய பிளாஸ்டிக் உறை இருக்கும். டில்லி ஹாட் – ஐ.என்.ஏ.வில் இறங்கி எல்லோ லைன் மாறினால் அடுத்த நிறுத்தம் எய்ம்ஸ் மருத்துவமனை. கரோல் பாகிலும் ஆர்.கே. புரத்திலும் இருந்துவிட்டு யமுனை தாண்டி இங்கே ஃபிளாட் வாங்கி வந்த தமிழ்க் குடும்பங்களில், அப்பா பிங்க் லைனிலும் பிள்ளை புளூ லைனிலும் போவது சாதாரணம்.

2022 நவம்பர் 23ஆம் தேதி காலை எய்ம்ஸில் கம்ப்யூட்டர்கள் நின்றன. ரான்சம்வேர் தாக்குதல். வெளிநோயாளி பதிவு, லேப் ரிப்போர்ட், பில், எல்லாம் பேனாவுக்கும் பேப்பருக்கும் திரும்பின. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது என்று அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நல்லவேளையாக இ-ஹாஸ்பிட்டல் தரவின் நகல் தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்தது. ஒரு வாரத்துக்குள் தரவை மீட்டாகிவிட்டது என்று எய்ம்ஸ் அறிவித்தது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: நெட்வொர்க்கைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம், சர்வர்களும் கம்ப்யூட்டர்களும் எண்ணிக்கையில் அதிகம் என்பதால் நேரம் பிடிக்கிறது. சேவைகள் படிப்படியாகத் திரும்ப ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது.

தரவு வந்துவிட்டது, அதை ஏற்றி ஓட்ட நம்பகமான இயந்திரங்கள் வேண்டும். எந்த ஊர் எந்த ஆபீஸிலும் இப்படி ஒரு சம்பவத்துக்குப் பின் கேட்கப்படும் கேள்வி இதுதான்: தரவுக்கு பேக்கப் இருக்கிறது, சர்வருக்கு என்ன இருக்கிறது? எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், என்னென்ன பேக்கேஜ், எந்தப் போர்ட் திறந்திருக்கிறது, யாருக்கு லாகின் உண்டு? இவையெல்லாம் மூன்று வருடம் முன்பு அந்த சர்வரை நிறுவிய ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறிப் போயிருந்தால், சர்வரும் அவரோடு போய்விட்டது என்றே பொருள். மென்பொருள் துறை இதற்குக் கண்ட வழி, சர்வரைச் செய்யும் முறையையே ஒரு ஸ்கிரிப்டாக எழுதி வைப்பது. ஓட்டினால் கணினி பிறக்கும். பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம்.

இது சாத்தியமானதற்குக் காரணம், இன்றைய சர்வர்களில் பெரும்பாலானவை கையால் தொடக்கூடிய பெட்டிகளாக இல்லை. ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல நடத்திக் காட்டும் விர்ச்சுவல் மெஷின்கள் அவை. துறைக்காரர்கள் பேச்சில் வி.எம். யோசனை பழையது. ஐ.பி.எம். தன் மெயின்ஃபிரேம்களுக்காக வி.எம்./370 என்ற சிஸ்டத்தை 1972லேயே வெளியிட்டது. சாதாரண பி.சி.க்கு இது இறங்கி வர ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது. ஃபிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் கியூ-எமு என்ற மென்பொருளை வெளியிட்டார். ஒரு முழுக் கணினியையும் அதன் டிஸ்க், நெட்வொர்க் கார்டு உட்பட மென்பொருளாலேயே போலி செய்வது அதன் வேலை. 2005, 2006இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் பிராசசருக்குள்ளேயே இதற்கு வசதி வைத்தன. 2006இல் கும்ராநெட் என்ற இஸ்ரேலியக் கம்பெனியின் அவி கிவிட்டி அந்த வசதியை லினக்ஸோடு இணைக்கும் கே.வி.எம்.மை எழுதினார், 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கெர்னலில் அது சேர்ந்தது. மறு வருடமே ரெட் ஹேட் அந்தக் கம்பெனியை வாங்கிவிட்டது. இன்றைக்கு கூகுள் கிளவுடின் அடித்தளம் கே.வி.எம்.தான்.

மயூர் விஹாருக்கு இந்த உலகம் தூரமில்லை. யமுனைக்கு இதே கரையில், வடக்கே சாஸ்திரி பார்க்கில், தேசிய தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் தேசிய டேட்டா சென்டர் இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளுக்கான மேகராஜ் என்ற கிளவுடை என்.ஐ.சி. 2014 பிப்ரவரியில் தொடங்கியது. 2021 ஜூலையில் கூகுள் தன் கிளவுடின் டெல்லி வட்டாரத்தைத் திறந்தது. மறு வருட அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் யோட்டாவின் டேட்டா சென்டர் வந்தது. இந்த இடங்களில் புது சர்வர் வேண்டும் என்று கேட்டால் யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஒரு இமேஜ் ஃபைலை நகலெடுத்து பூட் செய்வார்கள்.

இமேஜ் என்பது ஒரு ஹார்ட் டிஸ்க்கின் முழு உள்ளடக்கமும் அடங்கிய ஒற்றை ஃபைல். பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம், பூட்லோடர், கெர்னல், பாஸ்வேர்டு ஃபைல் வரை எல்லாம் அதற்குள். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். டெபியன் லினக்ஸை எடுத்துக்கொள்வோம். சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இந்த டெபியன்மீது கட்டியதுதான்.

ஸ்கிரிப்டின் முதல் காரியம் காலி டிஸ்க் ஒன்றைச் செய்வது. கியூ-எமுவோடு வரும் கருவியிடம் கியூகவ்2 வடிவில் பத்து ஜி.பி. டிஸ்க் கேட்டால் கண் இமைப்பதற்குள் தந்துவிடும். ஃபைலின் அளவைப் பார்த்தால் சில நூறு கிலோபைட்தான் இருக்கும். உள்ளே எழுத எழுதத்தான் அது வளரும்; ஆனால் உள்ளிருக்கும் லினக்ஸ் தனக்குப் பத்து ஜி.பி. இருப்பதாகவே நம்பும். அடுத்து பார்ட்டிஷன் போட வேண்டும், ஃபைல் சிஸ்டம் அமைக்க வேண்டும். ஃபைலை நிஜ டிஸ்க்போலக் காட்ட லினக்ஸில் லூப் டிவைஸ், நெட்வொர்க் பிளாக் டிவைஸ் என்று ஏற்பாடுகள் இருக்கின்றன. அப்படி மாட்டியபின், ஒரு பென்டிரைவிடம் நடந்துகொள்வதுபோலவே ஸ்கிரிப்ட் அதனிடமும் நடந்துகொள்ளும்.

பிறகு வருவது டிபூட்ஸ்டிராப். ஒரு காலி டைரக்டரியையும் டெபியன் பதிப்பின் பெயரையும் கொடுத்தால், ஒரு லினக்ஸ் உயிர் வாழத் தேவையான அடிப்படைப் பேக்கேஜ்களை இணையத்திலிருந்து இறக்கி, டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்து, அந்த டைரக்டரிக்குள் விரித்து வைக்கும். நிறுவல் டிவிடி வேண்டாம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போக ஆள் வேண்டாம். விரித்தபின் சி-ரூட் என்ற கட்டளை, ஸ்கிரிப்டை அந்த டைரக்டரிக்குள்ளேயே குடியேற்றும். அதற்குப் பிறகு ஸ்கிரிப்டின் கண்ணுக்கு அந்த டைரக்டரிதான் மொத்தக் கணினி. அங்கிருந்து கெர்னலை நிறுவுகிறது, எந்தப் பார்ட்டிஷன் எங்கே மாட்டப்படும் என்ற பட்டியலை எழுதுகிறது, கிரப் பூட்லோடரை டிஸ்க்கின் முகப்பில் பதிக்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் விபத்துகள் நடக்கும். கெர்னலையும் பூட்லோடரையும் நிறுவ, வெளிக் கணினியின் /டெவ், /பிராக், /சிஸ் ஆகிய டைரக்டரிகளை உள்ளே காட்டியாக வேண்டும். ஸ்கிரிப்ட் பாதியில் அறுந்து, அந்தத் தொடர்பு கழற்றப்படாமல் இருக்கும்போது, 'குப்பையைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டலாம்' என்று டைரக்டரியை மொத்தமாக அழித்தால், அழிவது வெளிக் கணினியின் /டெவ். அதே மாதிரி, டிஸ்க்கின் பெயர் இருக்க வேண்டிய மாறி காலியாக இருந்தால் அடுத்து வரும் கட்டளை எங்கே போய் எழுதும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அடிபட்டவர்கள் எழுதும் ஸ்கிரிப்டுகளில் முதல் இரண்டு வரிகள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். எந்தக் கட்டளை தோற்றாலும் அங்கேயே நில், மதிப்பு வைக்காத மாறியைத் தொட்டால் நில் என்பது முதல் வரி. எப்படி நின்றாலும், மாட்டியதையெல்லாம் வரிசையாகக் கழற்றிவிட்டுப் போ என்பது அடுத்தது. இதற்கு ட்ராப் என்ற ஷெல் கட்டளை இருக்கிறது.

இமேஜ் தயாரானதும் அதை எழுப்பும் ஸ்கிரிப்ட் இன்னும் சின்னது. பல நேரம் ஒரே கட்டளை, நாலைந்து வரிக்கு நீளும். கே.வி.எம்.மைப் பயன்படுத்து, ஒரு ஜி.பி. நினைவகம் கொடு, இந்த ஃபைலை டிஸ்க்காக மாட்டு, வெளியே 2222ஆம் போர்ட்டில் வருவதை உள்ளே 22க்கு அனுப்பு, திரை வேண்டாம், எழுத்தெல்லாம் இந்த டெர்மினலிலேயே வரட்டும். எல்லாம் சரியாக இருந்தால் சதுர அடைப்புக்குள் விநாடிக் கணக்கோடு கெர்னலின் வரிகள் ஓடி, சில விநாடிகளில் லாகின் கேட்கும். ஒன்றுமே வராமல் இருண்ட டெர்மினல் முறைத்துக்கொண்டிருந்தால், வி.எம். செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கெர்னலுக்கு 'சீரியல் போர்ட்டில் பேசு' என்று சொல்ல மறந்திருக்கலாம். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மாட்ட முடியவில்லை என்று கெர்னல் பேனிக் வந்து நின்றால், பெரும்பாலும் விர்ட்டியோ டிஸ்க்குக்கான டிரைவர் பூட் கட்டத்தில் கெர்னலுக்குக் கிடைக்கவில்லை, அல்லது பார்ட்டிஷனின் அடையாள எண் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

பூட் ஆகிவிட்டது என்பதாலேயே இமேஜ் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மயூர் விஹாரின் டி.டி.ஏ. ஃபிளாட்டுகளைப் பாருங்கள். ஒரு பாக்கெட்டுக்குள் எல்லா வீடும் ஒரே பிளான். அதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு, ஒரே சாவி என்றால்? இமேஜை நகலெடுக்கும்போது நடக்கும் தவறு அதுதான். தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்.எஸ்.எச். சர்வர் தன்னை அடையாளம் காட்ட ஒரு ரகசியச் சாவி வைத்திருக்கும். இமேஜுக்குள் அது இருந்துவிட்டால், அதிலிருந்து பிறக்கும் ஆயிரம் வி.எம்.களுக்கும் ஒரே சாவி. ஒன்றைக் கைப்பற்றியவர் மற்றவையாக வேடம் போடலாம். ஃபிரான்ஸின் யூரேகாம் நிறுவனத்து ஆய்வாளர்கள் அமேசான் கிளவுடில் பொதுவாகக் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இமேஜ்களை ஓட்டிப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். செய்தவர்கள் மறந்து விட்டுப்போன சாவிகளும் பாஸ்வேர்டுகளும் அழித்த ஃபைல்களின் மிச்சங்களும் அவற்றில் ஏராளமாகக் கிடந்தன.

ரகசியம் எதுவும் கசியாமலே தொல்லை தரும் வகையும் உண்டு. இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களுக்கு மெஷின்-ஐடி என்று ஓர் எண் உண்டு. அதை அழிக்காமல் நகலெடுத்த இரண்டு வி.எம்.கள், ஐ.பி. முகவரி கேட்கும்போது ஒரே அடையாளத்தைச் சொல்லும், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சர்வரும் இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிடும். ஒன்றில் லாகின் செய்தால் இன்னொன்றில் போய் விழும், அல்லது இரண்டும் மாறி மாறித் துண்டிக்கும். இதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும். தீர்வு ஒரு வரி: ஸ்கிரிப்டின் கடைசியில் அந்த ஃபைலைக் காலியாக்குவது. முதல் பூட்டில் லினக்ஸ் தானே புது எண் போட்டுக்கொள்ளும்.

ஆக, இமேஜ் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், வி.எம். ஒவ்வொன்றும் தனியாக இருக்க வேண்டும். அந்தப் பிரிவினையைச் செய்வது கிளவுட்-இனிட். உபுண்டுக்காரர்கள் அமேசான் கிளவுடுக்காகத் தொடங்கியது, பின்னர் எல்லா லினக்ஸுக்கும் பரவிவிட்டது. வி.எம். முதன்முறை எழும்போது அது 169.254.169.254 என்ற முகவரியில் போய், 'நான் யார், என் பெயர் என்ன, யாரை உள்ளே விட வேண்டும்' என்று கேட்கும். கிளவுட் பதில் சொல்லும். வீட்டு லேப்டாப்பில் அப்படிப் பதில் சொல்ல ஆளில்லை. அதற்குப் பதிலாக சிடேட்டா என்று பெயரிட்ட சின்னஞ்சிறு டிஸ்க் ஒன்றில் அந்த விவரங்களை எழுதிக் கூடவே மாட்டிவிட்டால் போதும்.

டெபியன் அமைப்பு தன் அதிகாரபூர்வ கிளவுட் இமேஜ்களை ஆளை வைத்து நிறுவிச் செய்வதில்லை. 1999 முதல் இருந்துவரும் ஃபாய் என்ற கருவியின் ஸ்கிரிப்டுகள் அவற்றைக் கட்டுகின்றன. லினக்ஸ் கெர்னலில் பிழை தேடும் கூகுளின் சிஸ்காலர் கருவியோடு, டிபூட்ஸ்டிராப்பால் இமேஜ் செய்யும் ஒரு ஷெல் ஸ்கிரிப்டும் வருகிறது. கெர்னலைச் சோதிப்பவர்களுக்கு வி.எம். உடைவதே வேலை. பேனிக் ஆகி விழுந்ததை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்ததை எழுப்புவார்கள். கியூ-எமுவில் ஸ்னாப்ஷாட் என்ற சொல்லைச் சேர்த்தால், உள்ளே என்ன அழித்தாலும் இமேஜில் ஒரு எழுத்துகூட மாறாது. எழுதியதெல்லாம் தற்காலிக ஃபைலுக்குப் போய், அணைத்ததும் மறைந்துவிடும். இந்தப் போக்கின் உச்சம் 2018இல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர். 125 மில்லிவிநாடியில் ஒரு வி.எம்.மை எழுப்பிவிடலாம் என்கிறது அது. ஒரு வேண்டுகோளுக்குப் பிறந்து, பதில் சொல்லிவிட்டு மறையும் கணினிகள்.

ஸ்கிரிப்ட் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் இருந்துவிட முடியாது. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் ஒரு விஷயத்தை வெளியிட்டார். தன் டெபியன் சோதனைக் கணினியில் எஸ்.எஸ்.எச். லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியபோது, எக்ஸ்-இசட் என்ற சாதாரண ஃபைல் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. சோதனைப் பதிப்புகளில் நுழைந்துவிட்டது. அந்த நாட்களில் அவற்றிலிருந்து இமேஜ் கட்டிய ஸ்கிரிப்டுகள் எந்தத் தவறும் செய்யவில்லை. கையொப்பம் சரியாக இருந்தது, பேக்கேஜ் அதிகாரபூர்வமானது. விஷம் அதற்கும் முந்திய கட்டத்தில் கலந்திருந்தது. ஆனால் எந்த இமேஜ் எந்த நாள், எந்த வெர்ஷனை வைத்துக் கட்டப்பட்டது என்று எழுதி வைத்திருந்தவர்களுக்குத் தேடுவது சுலபம். சந்தேகப்பட்டதைத் தூக்கிப் போட்டு மறுபடி கட்டுவதும் சுலபம். கையால் நிறுவிய சர்வர்கள் என்றால் ஒவ்வொன்றிலும் போய்ப் பார்த்தாக வேண்டும்.

இந்தியாவில் ஓடும் இமேஜ்களில் இப்போது இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று, கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரத்தை என்.ஐ.சி.யின் அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றைச் சார்ந்து நடக்கும் சர்வர்களோடு, ஒத்திசைத்து வைக்க வேண்டும். அதனால் இங்கே எழுதப்படும் பல ஸ்கிரிப்டுகளில், உலகம் முழுக்கப் புழங்கும் டெபியனின் வழக்கமான நேர சர்வரை எடுத்துவிட்டு சமய்1.என்ஐசி.இன் என்று எழுதும் ஒரு வரி இருக்கும். தாக்குதல் நடந்தபின் பத்து சர்வர்களின் லாக்குகளை ஒப்பிடும்போது, கடிகாரங்கள் முன்பின்னாக இருந்தால் எது முதலில் நடந்தது என்றே சொல்ல முடியாது.

அதே உத்தரவு, லாக்குகளை 180 நாள் இந்திய எல்லைக்குள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. சிக்கல் இங்கேதான். வி.எம்.மின் ஆயுளே நாற்பது நிமிடமாக இருந்தால், அதற்குள் எழுதப்பட்ட லாக்கை ஆறு மாதம் எங்கே வைப்பது? அழிக்கத் தயங்க வேண்டாம் என்பதுதான் இந்த முறையின் பெருமை. அதனால் இமேஜைக் கட்டும்போதே, லாக்கை எழுத எழுத வெளியே அனுப்பிவிடும் ஏற்பாட்டையும் கட்ட வேண்டியிருக்கிறது. வி.எம். போகலாம், அது கடைசியாக என்ன சொன்னது என்பது போகக்கூடாது.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள நொய்டாவில் வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் ஏற்றிய, கொஞ்சம் பழைய லேப்டாப்பே போதும். /பிராக் டைரக்டரியில் இருக்கும் சிபியு-இன்ஃபோ ஃபைலில் வி.எம்.எக்ஸ். அல்லது எஸ்.வி.எம். என்ற சொல் தென்பட்டால் பிராசசரில் வசதி இருக்கிறது என்று பொருள், கே.வி.எம். அப்படியும் வேலை செய்யவில்லையென்றால் பயாஸில் போய் அதை இயக்க வேண்டியிருக்கலாம். தமிழில் லினக்ஸ் கட்டுரைகளை 2012 முதல் வெளியிட்டுவரும் கணியமும், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ்க் குரலோடு கிடைக்கும் லினக்ஸ் பாடங்களும் அடிப்படையைக் கற்றுத் தரும். இமேஜ் கட்டப் பொறுமை இல்லாதவர்கள் டெபியனின் நோ-கிளவுட் இமேஜை இறக்கி நேராக எழுப்பிப் பார்க்கலாம். ரூட் என்று அடித்தால் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும். எனவே அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. திரையில்லாமல் டெர்மினலில் ஓட்டும் கியூ-எமு, கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்காது, கதறினாலும் நிற்காது. கன்ட்ரோல்-ஏ அழுத்தி, கையை எடுத்துவிட்டு, எக்ஸ் அழுத்த வேண்டும்.